மாடியிலிருந்து இறங்கியவர்கள்

கற்பூர வாசனை சட்டென்று நின்றுபோனதைக் குசுமாவதிதான் முதலில் உணர்ந்தாள். வேங்கிக்கால் ஊரைத் தாண்டியிருந்த அந்தக் கற்பூரக் கம்பெனியின் மாடியில், கூந்தலிலும் சோற்றிலும்கூட ஏறிவிடும் வாசனை அது. தீபத் திருவிழாவுக்கு அனுப்ப வேண்டிய வில்லைகளைப் பொட்டலம் கட்டும் பெண்களுக்கு நடுவே, மேற்பார்வை பார்க்கும் அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பேச்சும் நின்றிருந்தது. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள், சிவப்புக் கண்ணாடி வளையல் குலுங்க ஓயாமல் பேசும் சினேகாகூட.

அப்புறம்தான் அபாயமணி அலறியது. மின்சாரம் போனது. காற்றுப் புகாமல் கண்ணாடிச் சன்னல்களை அடைத்துத் திரையிட்டிருந்த கூடத்தில் பட்டப்பகலிலேயே இருள் கவிய, கிடங்குப் பக்கமிருந்து கரும்புகை தரையோடு தவழ்ந்து வந்து முட்டிவரை ஏறி, முகங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது.

"ஓடாதீங்க! ஒருத்தர் தோளை ஒருத்தர் புடிச்சிக்கினு வாங்க!"

குசுமாவதி படிக்கட்டின் இரும்புக் கதவருகே நின்று, கடந்துபோன ஒவ்வொருத்தியையும் தொட்டு அனுப்பினாள். அவளுக்கு நெஞ்சு வெடிக்க இருமல். அவர்களில் ஒருத்திகூட இருமவில்லை.

"சினேகா! உள்ள யார்னா இருக்கீங்களா?"

"இங்கதான் கீறேன்க்கா," என்றது படிக்கட்டிலிருந்து சினேகாவின் குரல்.

தீ விபத்துப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, புகை பின்தொடராமல் இருக்கக் கதவை இழுத்துச் சாத்தினாள். அது திறந்துகொள்ளாமலிருக்க வெளியே தாழ்ப்பாள் போட்டாள். இறங்கினாள்.

வெளியே வேப்பமரத்தடியில், பிடித்த தோளை விடாமல் வரிசையாக நின்றிருந்தார்கள். அழவில்லை. வீட்டுக்குப் போன் போடவில்லை.

மேலே மாடிச் சன்னலின் கண்ணாடி அதிர்ந்தது.

"அக்கா! கதவத் தொறங்கக்கா! நாங்க உள்ளதான் கீறோம்!"

சினேகாவின் குரல்.

குசுமாவதி திரும்பினாள். வரிசையின் முதல் ஆளாக சினேகா நின்றிருந்தாள்.

குசுமாவதி மாடிக்கு ஓடப் பார்த்தாள். மணிக்கட்டை ஒரு கை பற்றியது. ஐஸ் போன்ற கை.

"எல்லாரும் வந்துட்டோம்க்கா," என்றாள் சினேகா.

"விடு! விடுறீ!"

பிடி இறுகியது.

புகை படிந்த கண்ணாடியில் உள்ளங்கைகள். அறைந்தன. வழுக்கின. ஒரு கை நழுவியது. மரத்தடியில் ஒருத்தி, பிறந்த குழந்தைபோல முதல் மூச்சை இழுத்தாள். இன்னொரு கை. இன்னொரு மூச்சு.

கடைசியாக, சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட கை. சினேகாவின் கை.

அதுவும் நழுவியது.

குசுமாவதியின் மணிக்கட்டில், பிடித்திருந்த விரல்கள் மெல்ல மெல்லச் சூடேறின.