நானூற்று இருபது

இருபத்தோராவது சொட்டில் சோதனைக் குப்பியிலிருந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் நீலமானது. சொட்டுக்கு இருபது என்று கணக்கு. ஆக, தொட்டியில் கால்சியம் நானூற்று இருபது. பவளம் வளர்க்கிறவர்கள் கேட்டால் சந்தோஷப்படுகிற அளவுதான்; தம்பிக்காரனுக்கு மட்டும் அது நடக்கவே கூடாத கணக்கு. ஒன்பது வாரமாக அவன் அதில் ஒரு சொட்டு மருந்துகூட ஊற்றவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட அண்ணன், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டையும் அந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியையும் இவனிடம்தான் ஒப்படைத்தார். தினமும் ஒரு மூடி கால்சியம் கரைசல், ஞாயிற்றுக்கிழமை சோதனை, நாலு மணிக்குப் போனில் எண். பவளம் எலும்பு கட்டுகிற ஜீவன், தண்ணீரில் சத்து குறைந்தால் உதிர்ந்துவிடும் என்று வலியோடு வலியாகச் சொல்லிவிட்டுப் போன மனுஷன். வேலை நிலைக்காத தம்பியைப் பத்து வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துக் காப்பாற்றியவர்.

முதல் வாரம் வெறும் சோம்பல். போன் வந்ததும் அண்ணன் எண்களைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டி, நாக்குக் கூசாமல் பழைய எண்ணையே சொன்னான். "கில்லாடிடா நீ" என்றார் அண்ணன். அதற்கப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? மாற்றுத்துணி எடுக்க வரும் அண்ணி கண்ணில் பாட்டில் குறைந்து தெரியவேண்டுமே என்று, வாராவாரம் மருந்தை அளந்து சிங்க்கில் கொட்டினான். அளந்து! வெட்கங்கெட்ட வேலையிலும் ஓர் ஒழுங்கு. பவளம் சாவதைப் பார்க்கச் சகிக்காமல், வெளிச்சம் ஆகாதாம் என்று அண்ணியிடம் அளந்துவிட்டு, தொட்டியைப் போர்வையால் மூடியும் வைத்தான்.

இன்று காலை அண்ணி போனில் அழுதாள். கால் எலும்பு சேரவேயில்லையாம். போதாததற்கு மணிக்கட்டும் விலாவும் படுத்த படுக்கையிலேயே முறிகிறதாம். உடம்பிலிருக்கிற சத்தெல்லாம் எங்கேதான் போகிறதென்று டாக்டருக்கே பிடிபடவில்லையாம்.

என்னவோ உறுத்த, போர்வையை இழுத்தான். செத்துக் கிடக்கும் என்று நினைத்த பவளம் தொட்டி கொள்ளாமல் வளர்ந்து, கிளைக்குமேல் கிளையாக, வெள்ளை வெளேரென்று கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. பம்பின் சத்தத்துக்கு அடியில் அரிசி நொறுங்குவதுபோல ஒரு சத்தம். கடல் வாடையோடு ஆஸ்பத்திரி வாடை, மருந்தும் வியர்வையும் தைலமும் கலந்த அண்ணனின் கட்டில் வாடை, கூடம் முழுக்க.

அதற்கப்புறம்தான் சோதித்துப் பார்த்தான். நானூற்று இருபது. போன ஞாயிறு அவன் வாய்க்கு வந்தபடி சொன்ன அதே எண்.

மறுபடி சோதித்தான். அதே இருபத்தொன்று. ஊற்றாத மருந்துக்கு ஈடாக இந்தத் தண்ணீருக்குச் சத்து எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து என்பது புரிந்ததும் குப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

நாலு மணி. போன் அடித்தது.

"எவ்வளவுடா?" குரல் காற்றாக வந்தது.

அவன் சொல்கிற எண்ணுக்குத்தான் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது; குறைத்துச் சொல்லவேண்டும். இருநூறு என்றால் போதும். ஆனால் எப்படிக் குறைந்தது என்று கேட்பார். சிங்க் வெளிவரும். மூடி மூடியாக அளந்து கொட்டியது வெளிவரும்.

"அண்ணா…"

"நீ இருக்கிறதாலதான்டா நான் நிம்மதியா படுத்திருக்கேன். சொல்லு."

வாயைத் திறந்தான். சொல்லிவிடு. சொல்லித் தொலை.

"நானூத்தி நாப்பதுண்ணா." பாராட்டுக்குப் பழகிய வாய் கூட்டியே சொன்னது.

போனுக்குள் ஏதோ முறிந்தது. ஒரு முனகல். பிறகு அண்ணியின் அலறல்.

அவன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. எதிரே, கண்ணாடிக்குப் பின்னால், பவளத்தின் உச்சியில் வெள்ளையாக ஒன்று முளைத்தது. நீண்டது. ஒரு கணு. இன்னொரு கணு. பக்கத்தில் இன்னும் நான்கு விரல்.

மெல்ல மடங்கி, கண்ணாடியைத் தட்டின.