பெயர் கேட்டவர்கள் எழுந்து ஆடும் பாட்டு

மூன்றாவது பெயரைப் பாடி முடிப்பதற்குள் மூலையிலிருந்த நாற்காலி கிறீச்சிட்டது. யாராவது உட்காரும்போது வருகிற சத்தமல்ல அது, எழுந்திருக்கும்போது வருவது. வீட்டில் அந்த நேரம் கிசியாவைத் தவிர வேறு யாருமில்லை. அவனோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான்.

தகரக் கூரையில் பிற்பகல் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு அடியில், கட்டைவிரல் தடித்த தந்தியில் போட்ட தாளத்துக்கும் அடியில், இன்னொரு சத்தம் கேட்டது: சிமெண்டுத் தரையில் வெறுங்கால்கள் தேய்கிற சத்தம், அவசரமில்லாமல், தாளம் தப்பாமல், சுவரோரமாகப் போய்த் திரும்பி வருகிற சத்தம், அதோடு மூக்குப்பொடியும் நனைந்த கம்பளியும் வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியும் கலந்தாற்போல ஒரு வாசம். பாட்டு முடிந்ததும் கால்கள் கதவுப் பக்கம் போயின. அத்தோடு சத்தம் நின்றது. கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. கிசியா நாற்காலியிடம் போய்ப் பார்த்தான். அவன் மனைவி ககேஹா பின்னிப் போர்த்தியிருந்த துணியில் ஒரு பள்ளம் விழுந்து, மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

கிசியாவுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு கிடையாது. அதில் அவனுக்கு வெட்கமும் கிடையாது. சனிக்கிழமைதோறும் விஹிகா சந்தை ஓட்டலில் அந்தக் காலத்துப் பாட்டுகளை அச்சுப் பிசகாமல் பாடுவான். இசைத்தட்டில் பாடினவர் ஓரிடத்தில் இருமியிருந்தால் இவனும் அங்கே இருமுவான். சனங்கள் கண்ணீர் விடுவார்கள், பீர் வாங்கித் தருவார்கள். அதில் எல்லோருக்கும் பிடித்தது அந்தப் பழைய கல்யாணப் பாட்டு. விருந்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆடக் கூப்பிடுகிற பாட்டு.

மழை விட்டதும் அமுகுனே வந்தான். கிசியாவின் பாட்டுக்குச் சோடாப் புட்டியில் ஆணியால் தட்டித் தாளம் போடுகிறவன். நாற்காலி விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தான்.

"எலிடா அது."

"எலி தாளத்தோட ஆடுமா?"

"உன்னைவிட நல்லாவே ஆடும். சரி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாட்டுல எதுக்கு இன்னும் ஹெசரோனையும் டோரிகாவையும் யோனாவையும் கூப்பிட்டுக்கிட்டிருக்க? என்னைக்கோ ஒரு கல்யாணத்துக்கு வந்தவங்க அவங்க. எல்லாரும் மண்ணுக்குள்ள போயாச்சு. எதிர்ல உக்காந்திருக்கிறவன் பேரைப் போட்டுப் பாடறவன்தான்டா பாட்டுக்காரன்."

"பேரை மாத்தினா பாட்டே கெட்டுடும்ப்பா."

"கெடட்டுமே! பேர் சொல்லிக் கூப்பிட்டா எழுந்து வரணும். பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சு ஆடணும். பாட்டு முடிஞ்சதும் பிடிச்ச கையை விடாம தன் மேசைக்கே கூட்டிட்டுப் போய்ச் சோறு போடணும். அதானே நம்ம மரியாதை? செத்தவனைக் கூப்பிட்டா எந்த மேசைக்குடா கூட்டிட்டுப் போவான்?"

மறுபடியும் சிரிக்கப் போனவன், மூலை நாற்காலியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஆணியையும் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "சனிக்கிழமை ஓட்டல்ல பாப்போம். இந்த வீட்ல நான் வாசிக்கலை, கோவிச்சுக்காத."

அவன் சொன்னதில் கிசியாவின் காதில் தங்கியது ஒன்றுதான். கூப்பிட்டால் எழுந்து வரணும்.

முற்றத்து வாழைகளுக்குப் பக்கத்தில் ககேஹாவின் மண்மேடு இன்னும் சிமெண்டு பூசாமல் கிடந்தது. அவளைப் புதைத்த நாள் முதல் அவர்கள் மகள் இமாலிக்குச் சோறு இறங்கவில்லை. உகாலிக் களியை உருட்டி வாயில் வைத்தால் அப்படியே வைத்திருப்பாள். பிறகு துப்பிவிடுவாள். ஆஸ்பத்திரியில் நோய் ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கை, துணி உலர்த்தும் கொம்பு மாதிரி ஆகிவிட்டது. இவளும் போய்விடுவாளோ என்று கிசியா பயந்தான். அழுதான், மிரட்டினான், காலில்கூட விழுந்து பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து அவள் திரும்பிய பிறகும் கஞ்சிக் கிண்ணம் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"ஒரே ஒரு வாய்டா கண்ணு. அப்பாவுக்காக."

"அம்மா வந்தா சாப்பிடறேன்."

"அம்மாவைப் பாத்தாப் போதுமா? பாத்துட்டுச் சாப்பிடுவியா?"

பிள்ளை தலையாட்டியது. கிசியா கதவைத் தாழிட்டான். விளக்கைத் தூண்டிவிட்டான். இமாலியைச் சுவரோர நாற்காலி ஒன்றில் உட்காரவைத்துவிட்டு, கிட்டாரை எடுத்தான்.

வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஹெசரோனைக் கூப்பிட்டான், ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டோரிகாவைக் கூப்பிட்டான், மூக்குப்பொடி வாசம் வந்தது. யோனாவைக் கூப்பிட்டபோது விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரோ கடந்துபோனதும் நிமிர்ந்தது. ஆயுளில் முதல்முறையாக ஒரு பாட்டில் இல்லாத சொல்லை அவன் பாடினான்.

"ககேஹா, ஓ ககேஹா, எழுந்து வா."

நாற்காலி எதுவும் அசையவில்லை. சத்தம் முற்றத்திலிருந்து வந்தது. சேற்றிலிருந்து எதையோ பிடுங்குகிற சத்தம். பிறகு நடை. கனமான, ஈரமான நடை. வாசலில் நின்றது. கதவு திறக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்துத் தரையில் ஒரு பாதத் தடம் விழுந்தது, சிவப்பு மண்ணாக. அதற்கு முன்னால் இன்னொன்று. தோண்டின குழியின் வாசம் அறையை அடைத்தது.

"அம்மா!"

இமாலி சிரித்தாள். எத்தனை வாரங்களுக்குப் பிறகு! கிசியாவின் கண் நிறைந்து வழிந்தது. வந்துவிட்டாள், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று மனம் கூத்தாடியது. இமாலி நாற்காலியை விட்டு இறங்கினாள். வலது கையை மேலே தூக்கினாள், பெரியவர்கள் பிடித்துக்கொள்ளத் தூக்குகிற மாதிரி. அந்தக் கை அப்படியே நின்றது. மெலிந்த மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு மண்ணில் ஐந்து விரல் தடம் பதிந்தது.

அவள் ஆட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அமுகுனே சொன்ன மற்றது அவனுக்கு உறைத்தது. பாட்டு முடிந்ததும் பிடித்த கை. தன் மேசை. பிற்பகலில் அவர்கள் வெறுங்கையோடு போனது எதனால் என்றும் புரிந்தது. வீட்டில் இருந்தவன் இவன் ஒருவன்தான். இவன் கைகள் கிட்டாரில் இருந்தன.

கடைசிச் சரணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நிறுத்தினால் பாட்டு முடிந்தது. பிள்ளையை இழுக்கக் கையை எடுத்தாலும் முடிந்தது. கிசியா கடைசிச் சரணத்தை விட்டுவிட்டு முதலுக்குத் தாவினான். முதலில் பெயர்கள் இருந்தன. பாட்டு அப்படித்தான். ஹெசரோனை மறுபடி கூப்பிட்டான். இன்னொரு நாற்காலி கிறீச்சிட்டது. ஊரில் எத்தனை ஹெசரோன்கள் செத்திருக்கிறார்கள்? டோரிகா என்றான். முற்றத்தில் பல கால்கள். கதவருகே நெரிசல். தரையெங்கும் பாதங்கள். எல்லாம் இமாலியைச் சுற்றி.

"ககேஹா, விட்டுடும்மா, புள்ளைய விட்டுடு," என்று ராகத்திலேயே கெஞ்சினான். அதிலும் அவள் பெயர் இருந்தது. பிள்ளையின் மணிக்கட்டில் தடம் இன்னும் இறுகியது.

மெல்லிய தந்தி அறுந்தது. விரலில் ரத்தம். அடுத்தவையும் ஒவ்வொன்றாக அறுந்தன. கட்டைவிரல் மட்டும் தடித்த தந்தியில் ஓடிக்கொண்டிருந்தது. குரல் போய்விட்டது. காற்றுதான் வந்தது. ஆனாலும் வாசித்தான்.

"அப்பா," என்றாள் இமாலி. கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. "எனக்குப் பசிக்குது."

அவன் வேண்டாமென்று தலையசைத்தான், கட்டைவிரலை நிறுத்தாமல்.

"அம்மா சோறு எடுத்து வச்சிருக்காளாம். அங்கே வந்து சாப்பிடச் சொல்றா. நீ எப்ப முடிப்பே?"

அவள் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள், ஒரு கை மேலே பிடிபட்டபடி, மறு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் பாதங்கள் வரிசையாக, எல்லாம் கதவைப் பார்த்து. யாரும் ஆடவில்லை. கிசியாவின் கட்டைவிரலுக்குக் கீழே கடைசித் தந்தி இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது.