ஹீராமணியின் இரண்டாம் குளிர்காலம்

பூங்கோதை கண் திறந்தபோது அவளுக்குள் ஒரு முழுக் குளிர்காலம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து படுத்தவள். ஜன்னலில் இன்னும் அதே வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தராங் ஊரின் கடைத்தெருவில் முதல் பனி விழுந்ததிலிருந்து கடைசிப் பனி சாக்கடையில் உருகி ஓடியது வரை அத்தனையும் நினைவில் இருந்தது. உள்ளங்கையில் மண்வாரியின் கைப்பிடி உறுத்திய இடத்தைக்கூடத் தடவிப் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் சிவனேசன் நெற்றிப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போய்விட்டு வந்தவனின் நிறைவு அவன் முகத்தில் தெரிந்தது.

அந்தப் பட்டைக்கு முன்வாழ்வி என்று பெயர். ஓரிடத்தில் உண்மையாக வாழ்ந்த ஒருவரின் நினைவைப் பதிவுசெய்து, அங்கே குடிபோக நினைப்பவரின் மூளைக்கு ஏற்றபடி தைத்துக் கொடுக்கும். வாழப் போகிற நாட்களை வாழ்ந்து முடித்த நாட்களாகவே அனுபவித்துவிடலாம். வீடு, வேலை, கல்லூரி என்று எதையும் இப்போதெல்லாம் யாரும் அதைப் போட்டுப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பதில்லை.

வெயில் தாளாமல் உடுமலையை விட்டு இமயமலைக்கு வந்திருந்தார்கள் அவர்கள். பூங்கோதை பிசியோதெரபிஸ்ட். பனிச்சறுக்கில் முட்டியைத் திருகிக்கொள்பவர்களுக்கு மலையின் நடுவில் ஒரு மருத்துவமனை இருந்தது, அங்கே அவளுக்கு வேலை. சிவனேசன் வீட்டிலிருந்தே பாடம் நடத்துபவன். குடியிருக்க இரண்டு இடங்கள். மேலே, சறுக்குப் பாதைகளின் ஓரத்தில் ஷிகர் விடுதியின் குடியிருப்பு. கீழே, ரோப்காரில் இறங்கினால் பழைய ஊரான தராங். ஒப்பந்தம் போட்டால் பல வருடங்களுக்கு மாற்ற முடியாது. எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள விடுதிக்காரர்களே இரண்டு குளிர்காலங்களையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

அந்த இலவசம்தான் பூங்கோதைக்கு முதலிலிருந்தே உறுத்தியது. ஊரைக் கேவலமாகக் காட்டித் தங்கள் வீடுகளைத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் படுத்தாள்.

நடந்தது நேர்மாறு. முந்தின நாள் பார்த்த விடுதிக் குளிர்காலத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சூடான தரை, கதவைத் திறந்தால் சறுக்குப் பாதை. ஆனால் ஒரு முகம்கூட மனதில் நிற்கவில்லை. ஊர்க் குளிர்காலமோ நெஞ்சில் நிறைந்து நின்றது. குழாய் உறைந்த காலையில் எதிர்வீட்டு ஹீராமணி நேகி வெந்நீர்க் கெண்டியோடு வந்து, திட்டிக்கொண்டே குழாய்மேல் ஊற்றினாள். கரண்ட் போன நாட்களில் தெருவே அவள் வீட்டு இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தது. உப்புப் போட்ட அவளுடைய டீயை முதலில் துப்பிய பூங்கோதை, பிறகு அதற்காகவே தெருவைக் கடந்தாள். கூரைப் பனியைத் தள்ளும்போது சிவனேசன் சிரித்த சிரிப்பை உடுமலையில் அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"ஊருதான்," என்றாள் எழுந்து உட்கார்ந்து. "ஆனா இதுல என்னமோ இருக்குதுங்க. தன் கடைச் சரக்கை விட்டுட்டு எதிர்க்கடைச் சரக்கை எவனாச்சும் புகழுவானா?"

"மட்டமா காட்டினாலும் சந்தேகம், நல்லா காட்டினாலும் சந்தேகம். நீ என்னதான் கேக்கறே கோதை?"

விடுதியின் வீட்டு ஒதுக்கீட்டு அதிகாரி தர்ஷன் உள்ளே வந்தான். மரியாதையான இளைஞன். அவன் பேசிய இந்தியை அவள் காதிலிருந்த செவிமொழிக் கருவி தமிழாக்கியது, அதுவும் அவள் பிறந்து வளர்ந்த கொங்குத் தமிழாக. யார் எதைச் சொன்னாலும் சொந்தக்காரர் சொல்வதுபோல் கேட்கும். அதையும் அவள் நம்புவதில்லை.

"ஊருன்னா ஊருங்க. எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க," என்றான் தர்ஷன். "கொஞ்ச நாள் இங்கயே தங்கி, ஆற அமர யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அவள் வேலையில் சேர்ந்தாள். முதல் வாரமே ஒன்று கவனித்தாள். மேசையில் படுத்து முட்டியைக் கொடுக்கும் விடுதிவாசிகள் எல்லோரும் ஊரைப் பற்றியே பேசினார்கள். "நாங்க தராங்ல இருந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓய்வுபெற்ற ஒரு விமானியின் கண்கள் கலங்கின.

"ஹீராமணி அக்கா டீ குடிச்சிருக்கீங்களா டாக்டர்? உப்பு டீ. எங்க எதிர்வீடு."

அடுத்து வந்த பெண்ணுக்கும் ஹீராமணி எதிர்வீடு. அதற்கடுத்தவருக்கும். எல்லோர் வீட்டுக் குழாயும் உறைந்திருந்தது. எல்லோர் வீட்டுக்கும் அவள் கெண்டியோடு வந்திருந்தாள்.

"அவ்வளவு பிடிச்ச ஊரை ஏன் விட்டுட்டு வந்தீங்க?" என்று விமானியிடம் கேட்டாள்.

அவர் யோசித்தார். "விட்டுட்டு வரலீங்களே. அதான் இருந்து பார்த்தாச்சுங்களே."

அன்று மாலை சிவனேசன் விடுதிக் குடியிருப்பின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். பால்கனி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டான். அவளும் குனிந்து பார்த்தாள். கிழக்குப் பக்கம் நல்லது என்று சொன்ன பிறகுதான் சுரீரென்றது. ஊருக்குப் போக வேண்டும் என்று துடித்தவளுக்கு இப்போது அந்த ஊர் போய்வந்த திருவிழா மாதிரி ஆகியிருந்தது. யாரோ தன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றை மட்டும் நிரப்பி வைத்ததுபோல இருந்தது.

விடுமுறை நாளில் யாரிடமும் சொல்லாமல் ரோப்காரில் இறங்கினாள். கீழே போன பெட்டியில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கடைத்தெரு அவளுக்கு மனப்பாடம். ஆனால் அடுத்தடுத்து பூட்டுகள். ரொட்டிக்கடைப் பலகையில் எழுத்து உரிந்திருந்தது. அவள் குடியிருந்ததாக நினைவிருந்த வீட்டின் கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எதிர்வீட்டுப் படியில், வெயிலில் காலை நீட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நினைவில் இருந்ததைவிட உடல் வற்றியிருந்தது. தலையில் பச்சைக் கரை வைத்த கம்பளித் தொப்பி.

"அக்கா," என்று பூங்கோதை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவளால் அடக்க முடியவில்லை.

ஹீராமணி மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். கோபம் இல்லை, பழகிப்போன செயல்.

"மேல இருந்து வந்தியா? எப்பவாச்சும் ஒருத்தர் வருவாங்க. கட்டிப் பிடிப்பாங்க. அழுவாங்க. டீ கேப்பாங்க. சாயங்கால வண்டியில போயிடுவாங்க." அவள் பூங்கோதையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எல்லாருக்கும் என்னைத் தெரியுது. எனக்குத்தான் ஒருத்தரையும் தெரியல."

பூங்கோதை படியில் உட்கார்ந்தாள். பல வருடங்களுக்கு முன் விடுதிக்காரர்கள் வந்து, ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொன்னதை ஹீராமணி சொன்னாள். உங்கள் ஊரின் அருமையை உலகம் பார்க்கட்டும் என்றார்களாம். ஆட்கள் குடிவருவார்கள் என்று நம்பித் தெருவே கட்டிக்கொண்டது; எதிர்வீட்டில் அப்போது இருந்தவரின் நினைவைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டார்களாம். ஒருவரும் வரவில்லை. வியாபாரம் படுத்தது. இருந்தவர்களும் பிள்ளைகளோடு சமவெளிக்குப் போனார்கள்.

"பொய்யா எதையும் காட்டலியாமே?" என்று ஹீராமணி கேட்டாள்.

"இல்லக்கா. எல்லாம் நெசமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போய், தர்ஷன் முன்னால் வைத்தாள். அவன் மழுப்பவில்லை. அதுதான் அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

"நாங்க எதையும் மறைக்கலீங்க. ஊரை மட்டமா காட்டினா, அப்படியா இருக்கும்னு ஒரு ஏக்கம் மிஞ்சும். போய்ப் பார்க்கத் தோணும். நல்லா காட்டினா ஏக்கம் தீர்ந்துடும். நல்லா முடிஞ்ச நினைவுக்கு மனுசன் திரும்பப் போறதில்லைங்க. முன்வாழ்வி செஞ்சவங்களே இதை எதிர்பார்க்கல. யார் எங்க வீடு எடுத்தாங்கங்கற கணக்கைப் பார்த்து நாங்கதான் கண்டுபிடிச்சோம்."

"தெரிஞ்சும் குடுக்கறீங்க."

"வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலீங்களே."

அவள் அன்றே ஊருக்கு ஒப்பந்தம் போடச் சொன்னாள். சிவனேசன் அவளோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ போ கோதை. எனக்கு இங்கயே வசதி. லீவுல வர்றேன்."

"உடுமலையில நாம ஆளுக்கொரு ரூம்ல கிடந்தோம். அந்தக் குளிர்காலத்துலதான் மறுபடியும் பேசினோம். உங்களுக்கு நெனப்பில்லையா?"

"இல்லாம என்ன? எத்தனை பேசினோம். கூரை மேல நின்னு நீ எங்கிட்ட மன்னிப்புக்கூடக் கேட்டியே." அவன் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "அதுக்கப்புறம் எனக்கு உம்மேல ஒரு வருத்தமும் இல்ல."

அவள் நினைவில் மன்னிப்பு கேட்டது அவன். எந்தத் தையலில் எது மாறியது என்று தெரியவில்லை. எது மாறினாலும் அவன் நிறைந்துபோயிருந்தான். இனி அவளிடம் அவனுக்கு வேண்டியது எதுவும் இல்லை. அதை நினைத்தபோதுதான் முதல் முறையாக அவளுக்குக் குளிரெடுத்தது.

ஊரில் ஹீராமணியின் எதிர்வீட்டுக் கூரையைச் சரிசெய்து குடியேறினாள். உண்மையான குளிர்காலம் நினைவுபோல இல்லை. அடுப்பு புகைந்தது. ஹீராமணிக்கு மூட்டுவலி, சட்டென்று எரிந்து விழுவாள். "அன்னைக்கு நீங்க சொன்னீங்களேக்கா" என்று பூங்கோதை ஆரம்பித்தால், "நான் உங்கிட்ட எதுவும் சொல்லல. இப்ப சொல்றதைக் கேளு," என்பாள். மெல்ல மெல்ல அவளுடைய முட்டியைப் பூங்கோதை பார்த்துக்கொள்ள, அவள் இவளுக்கு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுக்க, இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் நாட்கள் சேர்ந்தன.

சிவனேசன் போனில் அன்பாகப் பேசினான். அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொல்வான். வர மாட்டான். மாலை ரோப்கார் வந்து நிற்கும் நேரத்தில் பூங்கோதை ஜன்னலுக்குப் போவாள். துணி காயப்போடுகிற சாக்கில்தான் போவாள். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

பனி உருகி ஓடிச் சில வாரங்கள் ஆனபோது மருத்துவமனைக்கு ஒரு புதிய பெண் வந்தாள். விடுதியில் அப்போதுதான் குடிவந்தவள். மேசையில் படுத்ததும் பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோதை அக்கா, அவர் வந்தாரா?"

பூங்கோதை கையை உருவிக்கொண்டாள். எப்படி உருவினோம் என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது ஹீராமணி ஞாபகம் வந்தது.

அன்று மாலை நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். "மறுபடியும் பட்டையைக் கட்டினீங்களா?"

ஹீராமணி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் தடவினாள். "தொப்பிக்குள்ளயேதான் இருந்துச்சு. பழசு வெளுத்துப்போச்சு, புதுசு வேணும்னு வந்து கேட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா? நான் அழுதது, நின்னது எல்லாம் ஊருக்கே தெரியும் இப்ப."

"கேட்டா ஒத்துக்க மாட்டே." ஹீராமணி தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "அத்தனை வருசத்துல அந்தப் பட்டையால நீ ஒருத்தி வந்தே. இன்னொருத்தி வர மாட்டாளான்னு பார்த்தேன். தப்புதான்."

பூங்கோதை பல நாள் அவளோடு பேசவில்லை. தர்ஷனின் வேலை இது, கடைசியில் தன்னையும் இனிப்பாக்கி விற்றுவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் மருத்துவமனையில் விடுதிவாசிகளின் பேச்சு மாறியிருந்தது. பழைய குளிர்காலம் சலித்தவர்கள் புதியதை வாங்கிப் பார்த்திருந்தார்கள். "இருந்தாச்சு" என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார்கள். அந்த ஜன்னல் கண்ணிலேயே நிற்கிறது என்றார்கள். கீழே வீடு காலி இருக்கிறதா என்று விமானி தயங்கித் தயங்கி விசாரித்தார். தர்ஷன் அவசரமாகப் புதிய குளிர்காலத்தைத் திரும்பப் பெறுவதாகவும் பேச்சு வந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. சிவனேசன் ஒரு பையோடு நின்றான். முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

அவள் வழிவிடவில்லை. "யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. நடைபாதையில போறவங்க வர்றவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஏன்னு தெரியல. அதான் நானும் அந்தப் புதுசைப் போட்டுப் பார்த்தேன்."

"அப்ப அதுலயே எல்லாம் தீர்ந்திருக்குமே. எதுக்கு இவ்வளவு தூரம்?"

"எதிர்வீட்டுல இருந்து உன்னைப் பார்த்தேன், கோதை. குளிர்காலம் பூரா. நீ ரோப்கார் பக்கம் பார்த்துட்டு நிப்பே. தெருவைக் கடந்து வந்து, நான் இங்கதான் இருக்கறேன்னு சொல்லணும்னு இருக்கும். கால் வராது. அது அந்த அம்மாவோட கால்."

எதிர்வீட்டில் ஹீராமணியின் கதவு லேசாகத் திறந்திருந்தது. பூங்கோதை அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இவன் கண்ணில் இருப்பது இவனுடைய வருத்தமா, பட்டை வைத்துத் தைத்ததா? கேட்டால் அவனுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விதான் அவளுக்குத் தோன்றியது.

"அந்தக் குளிர்காலத்துல, நான் பார்த்துட்டு நின்ன அவர் கடைசியா வந்தாரா?"

சிவனேசன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. பனி உருகி முடியற வரைக்கும் வரல."

இந்த வருகை பட்டையில் இல்லாதது. பூங்கோதை கதவை முழுதாகத் திறந்தாள்.

"அப்ப உள்ள வாங்க," என்றாள்.