மூத்தாள் தூண்

"அவ தூணோட என்ற செவுத்தைச் சேக்காதீங்க. சொல்லிப்போட்டேன்."

பாப்பாயியின் குரல் திருச்செங்கோட்டில் எங்கள் தெருவின் கடைசி வீடுவரை வந்தது. வராவிட்டால் நாங்களே போய்க் கேட்டிருப்போம், அது வேறு விஷயம்.

அவள் புருஷன் கந்தவேல் மேட்டூர் அணை வேலையில் காங்கிரீட் கற்றுவந்த ஓவர்சியர். மூத்த சம்சாரம் செல்லியம்மாளை முதல் சட்டிக் கலவை போடவைத்து நடுவீட்டுத் தூணை எழுப்பியிருந்தார். சுவர் வருவதற்குள் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சுவருக்குள் நுழையவேண்டிய கம்பிகள் மட்டும் தூணின் விலாவில் நீட்டிக்கொண்டு நின்றன. இப்போது இளையவளுக்காக அந்தச் சுவரைக் காங்கிரீட்டில் வார்க்கப் பலகை அடித்திருந்தார்.

"கம்பி ரெண்டுக்குள்ளயும் ஓடோணும் புள்ள. அப்பத்தான் தூணும் செவுரும் ஒரே ஒடம்பா நிக்கும்" என்றார்.

மனுஷனுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? ஒரே உடம்பாமே! பாப்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன்தான் இரண்டாங்கை, வீடாவது தனக்கே தனக்கென்று இருக்கட்டும் என்பதுதான் அவள் ஆசையெல்லாம்.

அவர் சங்ககிரிக்குப் போன அன்று கொத்தனார் அம்மாசியிடம் நயமாகப் பேசி, கம்பிகளைத் தூணோடு ஒட்ட அறுக்கவைத்தாள். கையோடு சுவரையும் வார்க்கச் சொன்னாள். அம்மாசி அறுத்த முனையைத் தொட்டவன் கையை உதறினான்.

"அறுத்த இரும்பு சுடோணும் அம்மிணி. இது சில்லுனு கெடக்குதுங்க."

பலகை பிரித்தபோது தூணுக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். கந்தவேலுக்குப் புரிந்துவிட்டது. தானே சாந்து குழைத்து விரிசலைப் பூசினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. பூசிய சாந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. போகப்போக விரிசல் கை நுழையும் அளவுக்கு அகன்றது. உள்ளிருந்து அரைத்த மஞ்சள் வாடை வந்தது.

மத்தியானச் சோறு தின்றதும் கந்தவேல் தூணில் சாய்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வார்.

பதிலும் வரும்.

ஒரு நாள் அவர் எழுந்து போனதும், மூத்தவளைக் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போடும் ஆத்திரத்தோடு பாப்பாயி விரிசலுக்குள் கையை விட்டாள்.

உள்ளே குளிர்ந்தது.

அவள் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் கோத்துக்கொண்டன.

"வா தங்கச்சி." அந்தக் குரலில் கோபமே இல்லை. "மூணு பேரும் ஒரே ஒடம்பா இருந்துக்கலாம்."

அன்றைக்கே வண்டி கட்டி நாமக்கல்லில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. விரிசல் தானாக மூடிக்கொண்டது. மறு வருஷம் கந்தவேலுக்குப் பெண் கொடுக்கக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்தவர்கள் வாசலோடு திரும்பி, அந்தப் பெண்ணை ஆத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் இரண்டு பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். எங்களுக்கும் கேட்டது. அதில் ஒன்று பாப்பாயியின் குரல். எங்கள் தெருவுக்குத் தெரியாத குரலா?

பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் மனசு கேளாமல் நாமக்கல்லுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாப்பாயி அங்கேதான் இருக்கிறாளாம். வண்டி ஏறிய நாளிலிருந்து, வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வருகிறதாம்.