எறும்பு மொய்த்த ஸ்பீக்கர்

"இது என் தப்பா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, மேவிஸ்," என்றாள் ரொவீனா. உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேவிஸ் வீட்டுக் கூடத்தில் தான் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கரையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

மேவிஸ் டன்ஸ்டன் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே ஓய்வுபெற்றவர். மேரிபரோ ஊரில் யாருக்கு எதில் சந்தேகம் வந்தாலும் இப்போதும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள்.

ரொவீனா பாடுவாள், கணவன் கிளைவ் கிட்டார் வாசிப்பான். வெள்ளிதோறும் மாலையில் பப்பில் கச்சேரி. சின்ன இடத்துக்கு மலிவான ஒற்றை ஸ்பீக்கரே போதும் என்று இதை வாங்கியவள் அவள்தான். ஆளுயர ஜோடிதான் வேண்டுமென்று குதித்தவன் அவன்.

"இடைவேளை முடிஞ்சு ரெண்டு பாட்டு பாடறதுக்குள்ள ஊமையாயிடுது. மறுநாள் வீட்ல நல்லா பாடுது. பந்து உருட்டி ஆடற பௌல்ஸ் கிளப்ல மணிக்கணக்கா பாடுது. பப்ல மட்டும் மானத்தை வாங்குது. 'உன் பெட்டி, உன் பெட்டி'ன்னு கிளைவ் குத்திக் காட்டறான். இன்னிக்கும் நின்னா கிட்டாரை நம்ம கசாப்புக்கடை பெவன்கிட்ட வித்துட்டு அந்த ஜோடியை வாங்கப் போறானாம்."

அவள் முதன்முதலில் மேடையேறியபோது கிளைவ் வாசித்த கிட்டார் அது.

மேவிஸ் ஸ்பீக்கரைத் திருப்பினார். பின்புறத்து உலோகத் தகடுகளில் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன.

"வெள்ளிக்கிழமை பப்புக்குப் போய்ட்டு வந்தா போதும், எங்கேருந்துதான் வருதோ," என்று ரொவீனா தட்டிவிட்டாள். "பப்காரன்தான் வயர்ல கை வச்சிருக்கணும்."

மேவிஸ் தகட்டில் படிந்திருந்த வெள்ளைப் பிசுக்கை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "பொறும்மா. இடைவேளையில அங்க என்ன நடக்கும்?"

"இறைச்சிக் குலுக்கல்தான். பெவன் கறித்தட்டெல்லாம் அடுக்கிச் சீட்டு எடுப்பான், பேர் வந்தவங்களுக்குத் தட்டு. கசாப்புக்கடைக்காரனாச்சே."

அன்று மாலை பப்பில் குலுக்கல் முடியும்வரை மேவிஸ் மூலையில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ரொவீனா, கிளைவ், பெவன் மூவரையும் ஸ்பீக்கர் பக்கம் கூப்பிட்டார்.

"இந்தப் பெட்டி தேறுமா, பெவன்?"

"ஆறினா பாடும், சூடானா படுத்துடும். மலிவுச் சரக்கு வேறெப்படி இருக்கும்?" பெவனின் கண் கிட்டார் மீதே இருந்தது.

"உனக்கு என்ன தோணிச்சு, கிளைவ்?"

"வயர் கோளாறுன்னுதான்."

"எனக்கும்தான்," என்றாள் ரொவீனா.

"நின்னவுடனே ரெண்டு பேரும் மூட்டை கட்டிடறீங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடுது. ஆக, சூடுதான் காரணம்னு இங்க ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும்."

மேவிஸ் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, கொழுப்பு அப்பிய ஒரு பிளாஸ்டிக் ஏப்ரனை உருவினார். பெவனுடையது.

"சூடு வெளியே போற தகடு பின்னால இருக்கு. அதை மூடினா பெட்டி கருகாம இருக்க தானா நின்னுடும். கடைசியில பெட்டியைத் தூக்க வர்ற சாக்குல ஏப்ரனை எடுத்துடலாம். கொழுப்பு ஒட்டிக்கும், எறும்பு வரும். கிளப்ல குலுக்கல் கிடையாது, கோளாறும் கிடையாது."

"ஏப்ரனை மாட்ட இடம் இல்லாம..."

"தலைக்கு மேலயே ஆணி இருக்கு, பெவன்."

பெவன் தலையைத் தொங்கப் போட்டான். "எத்தனை வருஷமா கேக்கறேன் அந்தக் கிட்டாரை. சும்மா கேட்டா குடுப்பானா?"

ரொவீனாவுக்குப் பெவன்மேல் வராத கோபம், இத்தனை நாள் தன்னையே குத்திக் காட்டிய கிளைவ்மேல் வந்தது. அவள் மைக்கைப் பிடித்தாள். கடைசிப் பாட்டுவரை அவள் பார்வை ஸ்பீக்கரைவிட்டு நகரவில்லை. அது நிற்கவேயில்லை.

வழக்கம்போல் தூக்க வந்த பெவனை கிளைவ் தடுத்தான். "விடு. நம்ம பெட்டியை நானே தூக்கிக்கிறேன்."

"தூக்க லேசா இருக்கும்னுதான் இதை வாங்கினேன்," என்றாள் ரொவீனா. அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.