லோவா பிடித்த சலவை நேரம்

பிப்ரவரிக் குளிரில் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மாடியிலிருந்து தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி ஓடியது. வகுப்பறை மரத்தரையெல்லாம் ஊறி உப்பிப்போனது. சரிசெய்ய வசந்தகாலம் வரை ஆகும் என்றார்கள். அதுவரை எல்லோருக்கும் வீட்டிலிருந்தே பாடம், லேப்டாப்பில்.

முதலில் லோவாவுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. யேவ்லே நகரத்தில் அந்த வாரம் வெளியே தலைகாட்டினால் மூக்கு நுனி மரத்துப்போகும். காலுறையோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது யாருக்குக் கசக்கும்?

பள்ளியிலிருந்து ஒரு தகவல் வந்தது. 'குடும்பங்களுக்கு எங்கள் ஆதரவு' என்று தலைப்பு. குழந்தைக்குத் தனி அறை கொடுங்கள், நல்ல நாற்காலி கொடுங்கள், வீட்டை அமைதியாக வைத்திருங்கள், இடைவேளையில் தோட்டத்தில் விளையாட விடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆதரவு என்று தலைப்புப் போட்டுவிட்டு, கொடுக்க வேண்டியதையெல்லாம் குடும்பங்களின் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

லோவாவின் அம்மா கமிலா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"தோட்டமா? ஜன்னல்ல ஒரு கள்ளிச்செடி இருக்கு. இடைவேளையில அதைப் போய்ப் பாத்துட்டு வா."

அவர்கள் வீட்டில் ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். கமிலாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் வந்து அந்த அறையில் படுப்பார். லோவா சமையலறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். நடுவில் இருந்த சுவர், பேருக்குத்தான் சுவர்.

முதல் நாளே ஆசிரியை அன்னெலி, லோவாவை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். லோவாவுக்குக் கணீரென்ற குரல். இரண்டு பத்தி முடிவதற்குள் அம்மா கலைந்த தலைமுடியோடு கதவருகே வந்து நின்றார். ஒன்றும் திட்டவில்லை. சிரிக்கக்கூட முயன்றார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று வேலைக்குப் போகும்போது பேருந்திலேயே தூங்கிப்போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர்தான் எழுப்பிவிட்டாராம். மறுநாள் அம்மா அதை வேடிக்கையாகச் சொன்னார். லோவா சிரிக்கவில்லை. அங்கே முதியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மாதான். தூக்கக் கலக்கத்தில் ஒன்று மாறிப்போனால்?

லோவா வாயை மூடிக்கொண்டாள்.

கேள்வி கேட்டால் தட்டச்சு செய்தாள். வாசிக்கச் சொன்னால் தலையை ஆட்டினாள். வழக்கமாக அவள் பேச்சை நிறுத்தத்தான் அன்னெலி பாடுபடுவார். இப்போது அதே அன்னெலி, "லோவா, மைக்கைப் போடும்மா, ஒரு வார்த்தை சொல்லு" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

வாரக் கடைசியில் இன்னொரு தகவல் வந்தது. வீட்டில் அமைதியான இடம் இல்லாத பிள்ளைகளை 'ஆதரவுக் குழு'வில் சேர்ப்பார்களாம். அது ஊரின் மறுகோடியில், வேறு ஒரு பள்ளியில். பேருந்து மாறிப் போக வேண்டும். பெற்றோரே கொண்டுவந்து விட்டு, பெற்றோரே கூட்டிப் போக வேண்டும். சேர்ந்துவிட்டால் வசந்தம் வரை சொந்த வகுப்போடு பாடம் கிடையாது. பிள்ளைகள் அதற்கு அதற்குள் 'மிச்சக் குழு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் அம்மா எப்போது தூங்குவார்?

அந்தக் கேள்வியோடுதான் லோவா அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். அங்கேதான் கட்டடத்துக்கே பொதுவான சலவை அறை. வெளிச்சுவரில் ஒரு பலகை. அதில் கிழமைகளும் நேரங்களும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. எந்த நேரத்தில் பூட்டை மாட்டுகிறீர்களோ, அந்த நேரத்துக்கு அறை உங்களுடையது; இதைத்தான் நேரம் பிடிப்பது என்பார்கள். அந்தக் கட்டடத்தில் எதில் வேண்டுமானாலும் விளையாடலாம், சலவை நேரத்தில் விளையாடக் கூடாது. மெஷினுக்குள் விட்டுப்போன ஒரு காலுறைக்காக வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் அங்கே உண்டு.

அன்று சலவை அறை காலியாக இருந்தது. கதகதப்பாக, சோப்பு வாசனையோடு. லோவா சும்மா ஒரு வார்த்தை பேசிப் பார்த்தாள். குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மாடியில் யாரும் எழுந்துகொள்ளவில்லை.

தங்கள் வீட்டுப் பூட்டை எடுத்துத் திங்கட்கிழமைக் காலைக்கான இடத்தில் மாட்டினாள்.

திங்கட்கிழமை அவள் மடிப்பு மேசைமேல் லேப்டாப்பை வைத்து, வகுப்பு முழுக்கப் பேசித் தீர்த்தாள். தரைத்தளத்து நாட்யா வீட்டு வைஃபை அங்கே நன்றாகவே எட்டியது. வகுப்பு முடிந்ததும் நாட்யா ரகசியமாக வந்து விசாரித்தாள். அவள் அப்பா வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். நாள் முழுக்கத் தொலைபேசியில் யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாம் மாடி இல்யாசும் வந்தான். அவனுக்கு மூன்று குட்டித் தம்பி தங்கைகள். அவன் பின்னக் கணக்குப் போடும்போது ஒன்று அவன் தோளில் ஏறி உட்காருமாம். மூவரும் ஒரே வகுப்பு. ஒரே லேப்டாப் போதும்.

செவ்வாய்க்கிழமைக் காலை பலகையில் காலியாக இருந்தது. இல்யாஸ் தன் வீட்டுப் பூட்டை அங்கே மாட்டினான்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த இடம் காலியாக இருந்ததற்குக் காரணம், அதை யாரும் தொட மாட்டார்கள் என்பதுதான். அது இரண்டாம் மாடி ரூனேவின் நேரம். அவர் பூட்டு மாட்டுவதே இல்லை. மாட்டத் தேவையே இருந்ததில்லை.

செவ்வாயன்று லோவா பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பெரிய கூடையோடு ரூனே நின்றார். கூடையின் உச்சியில் அவருடைய நீளக் கம்பளிக் கால்சட்டை இரண்டு காலையும் தொங்கவிட்டிருந்தது. திரையில் வகுப்பு முழுவதும் அதைப் பார்த்தது.

"இது என் செவ்வாய்க்கிழமை" என்றார் ரூனே.

வகுப்பே சிரித்து உருண்டது. அன்னெலி மட்டும் சிரிக்கவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். லோவா உண்மையைச் சொன்னாள்.

மதியத்துக்குள் சலவை அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. 'இந்த அறை துவைப்பதற்கு. பேசுவதற்கு அல்ல.' அதோடு முடியவில்லை. தலைமையாசிரியர் ஸ்டாஃபான், லோவாவின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை அடித்தளத்தில் பெரியவர் துணையில்லாமல் உட்கார்ந்து படிப்பதை ஏற்க முடியாதாம். வெள்ளிக்கிழமை நேரில் வருவாராம். சரியான இடம் இல்லையென்றால், திங்களிலிருந்து ஆதரவுக் குழுதான். இதைச் சொல்வதற்காக, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பியிருந்தார்.

"விடு லோவா. பஸ்ல தூங்கிக்கிறேன். எனக்குத்தான் பழக்கமாச்சே" என்றார் அம்மா.

அம்மா சொன்ன அந்தச் சமாதானம்தான் லோவாவுக்குப் பொறுக்கவில்லை. முதலில் ரூனேவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கீழே இறங்கினாள்.

சலவை அறையில் அவர் இல்லை. பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. அது உருளை அறை. துவைத்த படுக்கை விரிப்புகளை உருளைகளுக்கு நடுவில் விட்டு அழுத்தி எடுக்கும் பழைய இயந்திரம் அங்கே இருந்தது. உருளையில் விடும் முன் விரிப்பை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து, இழுத்து நேராக்க வேண்டும்.

ரூனே ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையைக் கதவின் கைப்பிடியில் முடிந்திருந்தார்.

லோவா பேசாமல் போய் முடிச்சை அவிழ்த்து, அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். ரூனே அவளை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார்.

"நல்லா இழு" என்றார்.

இழுத்தாள். விரிப்பு படக்கென்று ஒலித்து நேரானது. அடுத்த விரிப்பு. அதற்கடுத்தது.

"முன்னாடி என் வீட்டுக்காரி பிர்கிட் பிடிப்பா. இப்பக் கதவு பிடிக்குது" என்றார் அவர்.

"கதவு நல்லாப் பிடிக்குதா?"

"சத்தம் போடாமப் பிடிக்குது. உன்னை மாதிரி இல்ல."

லோவா மன்னிப்புக் கேட்டாள். செவ்வாய் அவருடையது என்று தெரியாது என்றாள். அப்புறம், நிறுத்த முடியாமல், எல்லாவற்றையும் கொட்டினாள்: அம்மாவின் தூக்கம், பேருந்து, மாத்திரை, மிச்சக் குழு. ரூனே விரிப்பை இழுக்கும் வேகம் குறைந்தது.

பேசிக்கொண்டே லோவா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அகலமான மேசை. நல்ல விளக்கு. சுவரோரம் சூடு தரும் குழாய். இறுக்கமாகச் சாத்தும் கதவு.

"ரூனே, மத்த நாள்ல இங்க யார் வருவாங்க?"

"யாரு வருவா? இப்பல்லாம் விரிப்பை உருளையில விடறது நான் ஒருத்தன்தான். மத்த நாள் இருட்டாக் கிடக்கும்."

"பக்கத்து அறையில எப்பவுமே யாராவது துவைச்சிட்டிருப்பாங்க, இல்லையா?"

"ஆமா. அதுக்கென்ன?"

லோவா விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பெரியவர் துணை இல்லை என்பதுதானே தலைமையாசிரியரின் குறை? இந்தக் கட்டடத்தில் காலை முதல் மாலை வரை, பலகையில் பூட்டு மாட்டிக்கொண்டு, ஒரு பெரியவர் கீழே இருந்துகொண்டேதான் இருக்கிறார். மெஷின் சுற்றும்போது அவருக்கு வேறு வேலையும் இல்லை.

அவள் அதைச் சொன்னாள். ரூனே யோசித்தார். குடியிருப்போர் சங்கத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டால் மறுப்பார்கள் என்றார். தானும் அந்தச் சங்கத்தில் இருப்பதாகவும், வழக்கமாக மறுப்பது தான்தான் என்றும் சொன்னார்.

"அப்ப இந்தத் தடவை?"

"இன்னும் ரெண்டு விரிப்பு இருக்கு. முதல்ல அதைப் பிடி."

அன்று மாலை லோவா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கூடவே நாட்யாவும் இல்யாசும். பாடம் சொல்லித்தர வேண்டாம், துவைக்க வரும்போது கதவைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும் என்று கேட்டார்கள். சங்கத் தலைவி குனில்லா, விதி என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். அப்போது ரூனே படியிறங்கி வந்து, லோவாவின் தாளில் சரி என்று கையெழுத்திட்டுவிட்டுப் போனார். குனில்லாவின் பேனா அப்படியே நின்றது. பிறகு அவரும் கையெழுத்திட்டார். மேல்மாடிக் கல்லூரி மாணவி, வியாழன் தன் முறை என்றும் பின்னக் கணக்கு தனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை ஒரு அதிசயம் நடந்திருந்தது. ரூனே வாழ்க்கையில் முதல்முறையாகப் பூட்டு மாட்டியிருந்தார். காலையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலைக்கான இடத்தில்.

வெள்ளிக்கிழமை ஸ்டாஃபான் காலணிப் பனியை உதறிக்கொண்டு அடித்தளத்துக்கு வந்தார். கையில் ஆதரவுக் குழுவின் தாள் இருந்தது. உருளை அறைக்கு வெளியே யார் எப்போது துணையிருப்பார்கள் என்று காட்டும் ஒரு புதிய பலகை, குட்டிப் பூட்டுகளோடு தொங்கியது. அதன் கீழே முக்காலியில் ரூனே உட்கார்ந்திருந்தார்.

"உள்ள பாடம் நடக்குது. நேரம் பிடிச்சிருக்கீங்களா?"

"நான் தலைமையாசிரியர்."

"நான் ரூனே. நேரம் பிடிச்சிருக்கீங்களா?"

பிடித்திருக்கவில்லை. ஆகவே தலைமையாசிரியர் சலவை அறைப் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. துவைத்துக்கொண்டிருந்த குனில்லா அவருக்கு ஏலக்காய் ரொட்டி கொடுத்தார். சாத்திய கதவையும் தாண்டி லோவாவின் குரல் வந்தது. தண்ணீர் உறைந்தால் ஏன் குழாய் வெடிக்கிறது என்பதுதான் அன்று அவள் பேச வேண்டிய தலைப்பு. அவளே தேர்ந்தெடுத்தது. உறையும்போது தண்ணீருக்கு அதிக இடம் வேண்டும், இடம் கொடுக்காவிட்டால் இரும்பையும் உடைத்துக்கொண்டு வரும் என்றாள்.

"ஸ்கூல் குழாய்க்கும் யாராவது போர்வை சுத்தி விட்டிருந்தா வெடிச்சிருக்காது" என்று முடித்தாள்.

ரூனே தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ரொட்டியைப் பார்த்தார். உள்ளே லேப்டாப்பிலிருந்து கைதட்டல் கேட்டது. அன்னெலி, போதும் லோவா, மற்றவர்களுக்கும் நேரம் கொடு என்று சொல்வதும் கேட்டது.

கதவு திறந்ததும் ஸ்டாஃபான் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே பலகையில் மாட்டியிருந்த குட்டிப் பூட்டுகளில் இருந்த பெயர்களையும் வாசித்தார். கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். இந்த யோசனையை மற்ற கட்டடங்களுக்கும் எழுதி அனுப்பலாமா என்று லோவாவைக் கேட்டார்.

"அனுப்புங்க. ஆனா எழுத்து மட்டும் போதாது. நாங்க முக்காலியில உக்காந்திருக்கோம். ஸ்கூல் நாற்காலியெல்லாம் இப்பச் சும்மாதானே இருக்கு?"

அன்று மாலையே ஒரு வண்டி நிறைய நாற்காலிகள் வந்து இறங்கின. அடுத்த வாரம் எதிர்க் கட்டடத்திலும் அதற்கடுத்த கட்டடத்திலும் இறங்கின. மிச்சக் குழுவுக்குப் போக ஆள் மிச்சமில்லை.

ஸ்டாஃபான் வந்துபோனதுகூடக் கமிலாவுக்குத் தெரியாது; லோவா அவரை எழுப்பவில்லை. வெள்ளிக்கிழமை அவர் நன்றாகத் தூங்கி எழுந்து, கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு சமையலறைக்கு வந்தார்.

"என்ன லோவா, குரல் இப்படிக் கட்டியிருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

"இல்லம்மா" என்றாள் லோவா, காற்றாய் வந்த குரலில். "இன்னிக்கு நிறையப் பேசிட்டேன்."