எந்தப் பெட்டியில் ஜமால் முகமது?

“என் வீட்டுக்காரரக் காணோம்மா.”

1995, ஆடி மாதம், காலை ஒன்பது மணி. இராஜபாளையம் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் ஜரீனா சொன்ன முதல் வார்த்தை அதுதான். சப்-இன்ஸ்பெக்டர் சந்தனமேரி பேனாவை எடுத்தார்.

“பேரு?”

“ஜமால் முகமது. நூல் வியாபாரம்.”

“எப்ப இருந்து காணோம்?”

“நேத்துல இருந்து. போன வருசம் மௌத்தாயிட்டாவ.”

செத்தவரைக் காணோமா என்று ஏட்டு கருத்தையா சிரிப்பை மறைக்க இருமினார். மேரி சிரிக்கவில்லை. அழுது வீங்கிய கண்களுக்கு முன்னால் சிரிக்க அவருக்கு வராது.

“வாங்கக்கா, வீட்டுல போய்ப் பேசுவோம்.”

வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஜமால் முகமது தம் கடைசி மூன்று வருடங்களாகத் தம்முடைய நினைவுகள், விருப்பங்கள், கோபங்கள், பேச்சு எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றி வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் தேவஇரக்கம் அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கேள்வியை அடித்தால் ஜமால் சொல்லக்கூடிய பதில் திரையில் வரும். பேசப் பேசப் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் செய்யும்.

“இங்கதானக்கா இருக்கு?”

“பெட்டி இருக்கு. உள்ள அவிய இல்ல. நேத்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். சாயங்காலம் அசர் தொழுதுட்டு இது முன்னால உக்காந்தா, ‘சுகர் மாத்திரை போட்டியா’ன்னுதான் முதல்ல கேப்பாவ. நேத்துக் கேக்கல. நானாச் சொன்னா, ‘சுகரா, யாருக்கு?’ங்காவ. அவிய போன பொறவுதான் எனக்குச் சுகரே வந்துச்சு. நான் சொல்லி அவியளுக்குத் தெரியும்.”

மேரி அமர்ந்து ‘வணக்கம்’ என்று அடித்தார்.

‘பால் கேன் வந்துருச்சா? அடுப்பு பத்திருச்சா?’ என்றது திரை.

“இது என்னக்கா?”

“நேத்துல இருந்து இப்படித்தான் உளறுது. நமக்குப் பாக்கெட் பாலு, கேஸ் அடுப்பு.”

நிக்காஹ் நடந்த நாள், தாயாரின் பெயர், பிடித்த குழம்பு என்று மேரி வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரியாக வந்தன. யார்மேல் பாசம் அதிகம் என்று கேட்டார்.

‘என் தம்பி சாகுல் ஹமீதுமேல.’

ஜரீனாவின் முகம் சுருங்கியது.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடை வச்சிருக்காரு. அவரு மகனுக்கு எங்க மக அசீனாவக் கேட்டாரு. இவிய குடுக்கல. பள்ளிவாசல் முன்னால எல்லாரும் கேக்க, ‘நீ என் அண்ணனே இல்ல’ன்னுட்டாரு. அதுக்குப் பொறவு இவிய அந்தப் பேரையே எடுத்ததில்ல. அவரும் மய்யித்து அடக்கத்துக்குக்கூட வரல.”

“அப்ப இது சண்டைக்கு முந்தின ஜமால்,” என்றார் மேரி. “யாரோ பெட்டிய மாத்திட்டாங்க. இதே மாதிரி வேற இருக்கா?”

“சண்டைக்கு முன்னாலயே ரெண்டு நகல் எடுத்தாவ. பெட்டி மூணும் ஒண்ணு போல இருக்கும். ஒண்ணு தேவஇரக்கத்துக்கிட்ட இருக்கு. இன்னொண்ணத் தம்பிக்குக் குடுத்தாவ. சண்டையன்னிக்கே அதக் கெணத்துல போட்டுட்டதா அவரே சொல்லிட்டுத் திரிஞ்சாரு.”

“வீட்டுச் சாவி?”

“கோழிக்கூண்டு மேல இருக்கும். குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். ரிப்பேருக்கு வாற தேவஇரக்கத்துக்கும் தெரியும்.”

பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேவஇரக்கம் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

“ஜரீனாம்மாகிட்ட அந்தப் பெட்டியக் கேட்டீங்களா?”

“மெட்ராஸ்ல கண்காட்சிக்குக் கேட்டேன் மேடம். மாட்டேன்னுட்டாங்க. அத்தோட விட்டுட்டேன்.”

“விட்டியா, தூக்கிட்டியா?” என்றார் கருத்தையா.

“கர்த்தர் சத்தியமா இல்லண்ணே! என் பெட்டி அந்தா இருக்கு, பாருங்க.”

மேரி அந்தப் பெட்டியில் ‘வணக்கம்’ அடித்தார்.

‘கரண்ட் இருக்கா? கிளாசுக்குப் பிள்ளைக வந்தாச்சா?’

“ஏன் இப்படிக் கேக்குது?”

“தினம் நான் இதத்தான மேடம் அதுகிட்டப் பொலம்புதேன். யாரு பேசுதாவளோ அவிய கவலை அதுக்கும் ஒட்டிக்கிடும்.”

பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். “பால்கோவா மேடம். சாகுல் பாய் கடைச் சரக்கு. இப்பத்தான் வாங்கினேன், சூடா இருக்கு.”

பொட்டலத்தை வாங்கிய மேரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “கருத்தையா, ஜரீனாம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க. இவர விட்டுருங்க.”

மாலை மூன்று மணி. வேலையாள் லீவு என்பதால் சாகுல் ஹமீது தம் கடையில் தனியாக விறகடுப்பின் முன் நின்று பால் கிண்டிக்கொண்டிருந்தார். ஜரீனாவைக் கண்டதும் அவர் கை நின்றது.

“சாகுல் பாய், கெணத்துல போட்ட பெட்டி எங்க?” என்றார் மேரி.

“கெணத்துலதான்...”

“இல்ல. அது உங்க மதினி வீட்டுல இருக்கு. மதினி வீட்டுப் பெட்டி உங்க உள்ளறையில இருக்கு. நூல் வியாபாரி பால் கேன், அடுப்புன்னு ஏன் கேக்கணும்? தினம் ஒரு பால்கோவாக்காரரு அதுகிட்டப் பேசியிருக்காரு. ரெண்டும் ஒரே ஆளுதான, யாரு கண்டுபிடிக்கப் போறான்னு நெனச்சிட்டீங்க. ஆனா மதினிகூட ஒரு வருசம் வாழ்ந்ததும், உங்ககூட வாழ்ந்ததும் ஒரே ஆளு இல்ல.”

சாகுல் தலை குனிந்தார்.

“போட மனசு வரல மதினி. அண்ணன் போன பொறவு தினம் பேசுனேன். மன்னிச்சிருன்னேன். ‘எதுக்குடா? நீ என்ன செஞ்ச?’ங்குது. நடந்ததச் சொன்னா, ‘சரி விடு’ன்னு சிரிக்குது. அதுக்கு வலிச்சாத்தான மன்னிக்க! வலிச்ச அண்ணன் உங்க பெட்டியிலதான இருக்காரு.”

“மன்னிச்சாரா?” என்று கேட்டார் மேரி.

“நான் சாகுல்னு அடிச்சேன். நம்பல. ‘அவன் வரமாட்டான். அவன் பேரச் சொல்லாத ஜரீனா. மாத்திரை போட்டியா?’ன்னுச்சு. எத்தன தடவை அடிச்சாலும் அதே பதில்தான்.” அவர் துடுப்பால் பாலை ஒரு சுற்றுக் கிண்டினார். “இனி நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?”

வஞ்சம் ஒன்று ஜரீனாவின் நெஞ்சிலிருந்து மெல்ல இறங்குவதை மேரி பார்த்தார். இறைவன் பெரிய அற்புதங்களைவிட இப்படிப்பட்டவற்றையே அதிகம் செய்கிறான்.

“அதுக்குத் தெரியாது தம்பி,” என்றார் ஜரீனா. “ஆஸ்பத்திரியில படுத்த பொறவு அவிய கம்ப்யூட்டர்ல ஒண்ணும் அடிக்கல. அதுக்கு முந்தின கோவந்தான் பெட்டியில இருக்கு. கடைசி வாரம் பூரா அவிய கண்ணு வாசல்லயே கெடந்துச்சு. ‘சாகுல் வந்தானா, சாப்பிட்டானா, நான் வையமாட்டேன், வரச் சொல்லு’ன்னாவ. உங்கமேல இருந்த ஆத்திரத்துல நாந்தான் சொல்லல. அந்தப் பெட்டிகிட்டயும் சொல்லல.”

சாகுல் அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

“எந்திரிங்க. வாங்க, அவிய அடங்கியிருக்க கபர்ஸ்தானுக்குப் போவோம். பொம்பளைக உள்ள போறதில்ல, நான் வெளிய நிக்கேன். நீங்க உள்ள போயி ஒரு பாத்திஹா ஓதிட்டு வாங்க. இம்புட்டு நாளும் அவிய வீட்டுலதான இருக்காவன்னு, ஓத ஆளே அனுப்பாம இருந்துட்டேன்.”

“கேஸ் எழுதணுமாக்கா?” என்று கேட்டார் மேரி.

“வேண்டாம்மா.”

சாகுல் எழுந்து இரண்டடி வைத்தார். பிறகு வாணலியைத் திரும்பிப் பார்த்துத் தயங்கினார். “பாலு... கிண்டாம விட்டா அடிப்பிடிச்சுரும்.”

சந்தனமேரி தொப்பியைக் கழற்றிக் கருத்தையாவிடம் கொடுத்துவிட்டு, சாகுலின் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டார்.

“சீனி எப்பப் போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க பாய்.”